கண் டாக்டரிடம் கேளுங்கள்: லேசருக்குப் பிறகு

சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் படம் எடுப்பதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. முக்கால்வாசிப் பேர் லேசரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சிலர் பயந்து கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபமாக. மொரிசியஸில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சொந்தக்காரர்களில் ஒருவராவது லேசர் செய்துகொள்ளாத குடும்பம் நம் தமிழர்களில் எத்தனை இருக்கும்? அதனால் இந்த இதழ் முழுக்க லேசருக்கே.

*

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. போன வருடம் வரை பேப்பர் படிப்பார், கோவிலுக்குப் பூ கட்டுவார். கண்ணில் புதுக் குழாய் முளைத்திருக்கிறது என்று சொல்லி வலது கண்ணில் இரண்டு தடவை லேசர் செய்தார்கள். இப்போது எழுத்தெல்லாம் கலங்குகிறது என்கிறார். “நல்ல கண்ணைச் சுட்டுக் கெடுத்துட்டாங்க, இனி வரமாட்டேன்” என்று பிடிவாதம். லேசர் கண்ணைக் கெடுக்குமா? — தமிழாசிரியை, ரோஸ் ஹில்

பதில்: டீச்சர், அம்மா பொய் சொல்லவில்லை. முதலில் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். அவர் சொல்வதை நீங்கள் நம்புகிறீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் காது கொடுத்துக் கேட்பார்.

பல வருடச் சர்க்கரையில் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் அங்கங்கே அடைபட்டுப்போகும். ரத்தம் வராத இடம் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கிற திசு, புதுக் குழாய் முளைக்கச் சொல்லி ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதைக் கேட்டு முளைக்கிற குழாய்களுக்குப் பலமே கிடையாது. லேசில் உடையும். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். உடையாமல் இருந்தாலும் தழும்பாகிச் சுருங்கி, விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். இத்தனையும் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கும்போது நடுப்பார்வை பளிச்சென்று இருக்கலாம். அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தது அப்படித்தான்.

என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தண்ணீர் போதாத வருடத்தில் ஓரத்து வரிசைகளைக் காய விட்டுவிட்டு, நடுவில் நிற்பதற்கு மட்டும் பாய்ச்சுவோம் என்பார். லேசர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஓர விழித்திரையில் அரை மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகளாகச் சுடுகிறோம். வழக்கமான முறையில் ஒரு கண்ணுக்கு 1200 முதல் 1600 புள்ளி வரை ஆகும். அதனால்தான் இரண்டு மூன்று சிட்டிங்காகப் பிரிக்கிறோம். புது இயந்திரங்களில் ஒவ்வொரு புள்ளியும் மென்மையாக விழும், ஆனால் எண்ணிக்கை கூடும். சுட்ட இடம் ஆக்சிஜன் கேட்காது. கேட்காததால் அந்த ரசாயனம் குறைகிறது, முளைத்த குழாய்கள் வாடுகின்றன. அமெரிக்காவில் பெரிய அளவில் நடத்திய ஆய்வின் முடிவு 1976-இல் வந்தது. கடுமையாகப் பார்வை போகிற ஆபத்தை லேசர் பாதிக்கு மேல் குறைத்தது. இன்றைக்கும் அந்தக் கணக்கை நம்பித்தான் லேசர் அறையின் விளக்கை அணைக்கிறோம்.

சரி, கலங்கல் எங்கிருந்து வந்தது? ஓரத்தில் இத்தனை புள்ளி சுட்டால் கண்ணுக்குள் கொஞ்சம் அழற்சி வரும். அதில் விழித்திரையின் நடுவில், எழுத்துப் படிக்கிற அந்தச் சின்ன இடத்தில், நீர் கோத்துக்கொள்ளும். ஏற்கெனவே அங்கே லேசாக வீக்கம் இருந்தவர்களுக்கு இது அதிகம் வரும். பலருக்குச் சில வாரங்களில் தானாக வடியும். வடியாவிட்டால் கண்ணுக்குள் ஊசி போடலாம். ஆகவே அடுத்த தடவை போகும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “நடுவில் நீர் கோத்திருக்கிறதா? ஓசிடி எடுத்துப் பார்த்தீர்களா?” ஓசிடி என்பது விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. வீக்கம் இருந்தால் அதை முதலில் அடக்கிவிட்டு மிச்ச லேசரைச் செய்யும்படியும் கேட்கலாம். அம்மாவுக்குக் கண்புரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயதில் பழி லேசர் மேல் விழுந்து, காரணம் புரையாக இருப்பதும் உண்டு.

ஆனால் பாதியில் நிறுத்த மட்டும் விடாதீர்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் சொந்த அக்கா இரண்டாவது சிட்டிங்கோடு நின்றவள். அவளும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள், கெடுத்துட்டாங்க என்று. எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாமிக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தவள் எனக்குப் போன் செய்தாள். “கண்ணுக்குள்ள கறுப்பு நூல் ஒண்ணு தொங்குது, கண்ணை அசைச்சா அதுவும் அசையுது.” மத்தியானத்துக்குள் நூல் புகையாகி, சாயங்காலத்துக்குள் திரையாகிவிட்டது. அப்புறம் ஆபரேஷன், அதற்கு மேல் இன்னொரு ஆபரேஷன். அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை அசைத்தால் இன்றைக்கு அசைவு மட்டும் தெரிகிறது.

லேசர் செய்த இடத்தில் அவளிடம் ஒரே ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை: இது பார்வையைக் கூட்டுவதற்காகச் செய்வதில்லை, இருப்பதைக் காப்பாற்றுவதற்காக, நடுவில் கொஞ்ச நாள் மங்கலாம். அதைச் சொல்லியிருந்தால் மூன்றாவது தடவை போயிருப்பாள். கண் டாக்டர் தங்கை நான் இருந்தேனே, நானாவது சொன்னேனா? அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அதன் பிறகு என் நோயாளி ஒருவரையும் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. அம்மாவுக்கு நீங்களே அதைச் சொல்லுங்கள் டீச்சர், தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து.

*

கேள்வி: காத்ர் போர்னில் ஃபராட்டா விற்கிறேன். வயது 44. மாவு பிசைய விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்ப வேண்டும். இரண்டு கண்ணிலும் லேசர் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. நேரே பார்க்க நன்றாகத் தெரிகிறது. ஆனால் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தில் ஆள் வந்தால் கடைசி நிமிடம்தான் தெரிகிறது. செல்போன் எழுத்தும் தூரப் பிடித்தால்தான் தெரிகிறது. எப்போது சரியாகும்? — காத்ர் போர்ன் வாசகர்

பதில்: தம்பி, முழுக்கப் பழையபடி ஆகாது. இதை மழுப்பிச் சொன்னால் நீங்கள் நாளைக்கும் நாலு மணிக்கு வண்டியை எடுப்பீர்கள்.

இருட்டில் பார்க்கிற செல்களும், பக்கவாட்டில் அசைவதைப் பிடிக்கிற செல்களும் விழித்திரையின் ஓரத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. நாங்கள் சுட்டது அங்கே. முன் பதிலில் ஓரத்து வரிசை என்று சொன்னேனே, நீங்கள் கொடுத்த விலை அது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக முன்பைவிட நேரம் எடுக்கும். எதிர் வண்டியின் வெளிச்சம் கூசும். வெளிர்நீலம், வெளிர்பச்சை போன்ற மங்கல் நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதும் சிலருக்குக் கஷ்டமாகும்.

கிட்டத்தில் படிக்க முடியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று 44 வயது, அது எல்லோருக்கும் வருவது. இன்னொன்று, கண்ணைக் கிட்டப் பார்வைக்கு மாற்றித் தருகிற மெல்லிய நரம்புகள் விழித்திரைக்குப் பின்னால்தான் ஓடுகின்றன. லேசரின் சூடு அவற்றிலும் கொஞ்சம் படும். படிக்கிற கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக்கு அளவு கொடுக்காதீர்கள். கண்ணின் லென்ஸே அதோடு சேர்ந்து மாறும், வாங்கிய கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. சில வாரம் சர்க்கரை ஒரே நிலையில் நிற்கட்டும்.

மோட்டார் சைக்கிள் விஷயம் அப்படித் தள்ளிப்போடக் கூடியது இல்லை. பார்வைப் புலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க ஒரு பரிசோதனை உண்டு. கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் பார்த்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அதைச் செய்து டாக்டர் வாயால் “ஓட்டலாம்” என்று கேட்கும்வரை விடிவதற்கு முன் வண்டி வேண்டாம். அதுவரை தம்பியோ மகனோ கொண்டுபோய் விடட்டும். முடியாவிட்டால் மாவை முந்தின நாள் சாயங்காலமே பிசைந்து வையுங்கள். கடையில் தவாவுக்கு மேலே ஒரு வெள்ளை விளக்குப் போடுங்கள். படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். ஆள் வருவது தெரிய, கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அது தானாக வந்துவிடும், நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு லேசர். ரொம்ப வலிக்கும் என்கிறார்கள். நான் அசைந்துவிட்டால், அல்லது டாக்டர் கை தவறினால் கண் போய்விடுமா? — இல்லத்தரசி, குட்லண்ட்ஸ்

பதில்: வலியை முதலில் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்து கண்ணின் மேற்புறத்தைத்தான் மரக்க வைக்கும். உள்ளே படும் சூட்டைச் சிலர் சுருக்சுருக்கென்று உணர்வார்கள், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால், மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் பக்கங்களில் சுடும்போது அதிகம் வலிக்கும். நரம்பு அந்த வழியாகப் போகிறது. டாக்டர் அனுமதித்தால் அரை மணி நேரம் முன்பு பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். வலித்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு சுடுதலின் நேரத்தைக் குறைக்கலாம், இன்னொரு நாளைக்கு மிச்சம் வைக்கலாம். தாங்கவே முடியாதவர்களுக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் மரப்பு ஊசியும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தால் நல்ல நோயாளி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கை தவறுமா என்றால், தவறும் அம்மா. அபூர்வம், ஆனால் நடக்கும். என் கையிலேயே நடந்திருக்கிறது.

நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கசிகிற குழாய்களைச் சுடுகிற லேசர் அது. வீக்கத்துக்கு ஊசி வருவதற்கு முந்தைய காலம். அவர் தையற்காரர். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, கண் மேல் ஜெல் தடவிய லென்ஸைப் பிடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தேன். குறி பார்க்க ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் இருக்கும். அது எங்கே இருக்கிறதோ அங்கே என் காலடிப் பெடலை அழுத்தினால் பச்சை ஒளி பாயும். “என் காதைப் பாருங்கள்” என்று சொல்லியிருந்தேன். ஏதோ ஒரு கணம் அவர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தையே பார்த்துவிட்டார். மனித இயல்பு அது. அதே கணம் என் கால் பெடலை அழுத்திவிட்டது.

ஒரே ஒரு புள்ளி. இரண்டு வாரம் கழித்து வந்தபோது அவர் ஒரு ஊசியையும் நூலையும் பையிலிருந்து எடுத்து என் மேஜை மேல் வைத்தார். “டாக்டர், இந்தக் கண்ணால பார்த்தா ஊசி தெரியுது, காது தெரியலை.” எங்கே பார்த்தாலும் பார்வைக்கு நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. அது போகவே இல்லை. இன்னொரு கண்ணை வைத்துக்கொண்டு கடைசிவரை தைத்தார், தீபாவளிக்கு என் வீட்டுக்குப் பலகாரமும் அனுப்பினார். அந்தப் பலகாரத்தை என்னால் சாப்பிட முடிந்ததில்லை.

அதனால் இதை நினைவில் வையுங்கள். பெடல் ஓடும்போது வெளிச்சத்தைத் தேடாதீர்கள், டாக்டர் பார்க்கச் சொன்ன இடத்தையே பாருங்கள். தும்மலோ இருமலோ வந்தால் வாயைத் திறக்காதீர்கள். பேசினால் தாடை அசையும், தாடை அசைந்தால் கண் அசையும். கையைத் தூக்குங்கள், போதும். இதை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் செய்யப்போவது ஓரத்து லேசர் என்றால் நடுவில் படுகிற ஆபத்து இன்னும் குறைவு. செய்து முடித்த அன்று இரவு கண் வலி, தலைவலி, வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஒரே நாளில் அதிகம் சுட்டால் சில சமயம் கண்ணுக்குள் நீர் கட்டி அழுத்தம் ஏறும். மருந்தால் இறக்கிவிடலாம், ஆனால் அன்றைக்கே. அப்புறம், சில மாதமோ சில வருடமோ கழித்து, கதவுச் சட்டம் போன்ற நேர்கோடு வளைந்து தெரிந்தால் உடனே காட்டுங்கள். நடுப்பகுதிக்குப் பக்கத்தில் பட்ட தழும்பு காலப்போக்கில் விரியலாம், அதன் அடியிலிருந்து புதுக் குழாய் கிளம்புவதும் எப்போதாவது உண்டு.

கர்ப்பிணிகளுக்கு லேசர் செய்யலாமா என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார். செய்யலாம். கர்ப்பக் காலத்தில் சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு வேகமாக முற்றலாம், அப்போது கைகொடுப்பது லேசர்தான்.

*

கேள்வி: புதுக்கோட்டைக்காரன். இங்கே கட்டட வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். மைனஸ் 8 கண்ணாடி போடுகிறேன். போன வாரம் ஒரு கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி வந்தது, கொசு பறக்கிற மாதிரி புள்ளிகளும். விழித்திரை கிழிந்திருக்கிறது என்று அன்றைக்கே லேசர் வைத்தார்கள். கொசு இன்னும் போகவில்லை. லேசர் வேலை செய்யவில்லையா? சிமெண்ட் மூட்டை தூக்கலாமா? — எபென் பகுதி வாசகர்

பதில்: தம்பி, மின்னல் வந்ததும் காட்டினீர்களே, அதுவே உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது. தூசி விழுந்திருக்கும் என்று தண்ணீர் அடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

உங்களுக்குச் செய்த லேசர் வேறு. மேலே சர்க்கரைக்காரர்களுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாகச் சுட்டு, விழித்திரையைப் பின்சுவரோடு ஒட்ட வைத்திருக்கிறார்கள். துணிக் கிழிசலைச் சுற்றித் தையல் போடுகிற மாதிரி. கிழிசல் மூடாது, அதற்கு மேல் ஓடாது, அவ்வளவுதான். அந்தத் தழும்பு முழுப் பலம் பெற ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். கொசு பறப்பது கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லில். லேசர் அங்கே எதையும் தொடவில்லை, அதனால் அது போகாது. சில மாதத்தில் கீழே படியும், மனமும் பழகிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மூட்டை தூக்குவதும், துளை போடுகிற இயந்திரத்தைப் பிடிப்பதும், சாரம் ஏறுவதும் வேண்டாம் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி மேஸ்திரியிடம் கொடுங்கள். சம்பளம் போகுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் விழித்திரை கழன்றால் பெரிய ஆபரேஷன், பல வாரம் படுக்கை, அதற்குப் பிறகும் பழைய பார்வை நிச்சயமில்லை.

லேசர் வைத்த பிறகும் சிலருக்கு விழித்திரை கழல்வதுண்டு, வேறு இடத்தில் புதிதாகக் கிழிவதும் உண்டு. அதனால் தினமும் பல் தேய்த்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அறைச் சுவரிலிருக்கிற காலண்டரைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால். ஏதாவது ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி நிழல் தெரிந்தாலோ, திடீரென்று ஒரு கூட்டமாகக் கொசு பறந்தாலோ, மின்னல் மறுபடி வந்தாலோ, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் கண் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மைனஸ் 8 அளவுக்குக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை எளிதில் கிழியும், அதனால் இன்னொரு கண்ணின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஊரை விட்டு வந்திருக்கிறீர்கள், ஒன்று சொல்கிறேன். மோக்காவில் அரசுக் கண் மருத்துவமனைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? சுப்பிரமணிய பாரதி. பலகையில் அந்தப் பெயரை முதலில் படித்த அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

*

கேள்வி: இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். கண்ணில் ரத்தம் கசியும் என்று பயந்து, லேசருக்கு முன் நிறுத்திவிட்டேன். சரிதானா? — ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மாயேபூர்

பதில்: ஐயா, இன்றைக்கே இதய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சர்க்கரைக் கண்நோய் உள்ள 3711 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தினம் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கும் கண்ணுக்குள் ரத்தம் கசிவது அதிகமாகவில்லை. கண்ணுக்காக இதய மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

*

கேள்வி: லேசர் பழைய வைத்தியம், இப்போது ஊசிதான் என்று மகன் சொல்கிறான். எதைச் செய்துகொள்ள? — கியூர்பிப் வாசகர்

பதில்: உங்கள் மகன் பாதி சரி. நடுப்பகுதி வீங்கிப் பார்வை மங்கியிருந்தால் இன்றைக்கு முதலில் ஊசிதான், அதில் பார்வை தெளியவும் வாய்ப்பு உண்டு. ஓரத்தில் புதுக் குழாய் முளைத்த நோய்க்கும் ஊசி போடலாம். 2015-இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வருடத்தில் ஊசி லேசருக்குக் குறைந்ததாக இல்லை, பக்கப் பார்வையும் அதிகம் மிஞ்சியது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் சொன்ன தேதியில் வந்தவர்கள். ஊசியின் பலன் சில வாரங்களில் இறங்கிவிடும். வெளியூர்ப் பயணம், வீட்டில் கல்யாணம், கால் புண் என்று நாலு மாதம் வராமல் இருந்தால் அடங்கியிருந்த குழாய்கள் திரும்பக் கிளம்பும், சில சமயம் முன்பைவிட மோசமாக. லேசர் ஒருமுறை பட்டால் நிற்கும். தவறாமல் வருவேன் என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசியிலும் ஆபத்து உண்டு. சில ஆயிரத்தில் ஒன்றுக்குக் கண்ணுக்குள் சீழ் பிடிக்கும். போட்ட மூன்று நாலு நாளில் கண் சிவந்து, வலித்து, மங்கினால் ஓடி வர வேண்டும்.

*

கேள்வி: தைப்பூசத்துக்கு ஒவ்வொரு வருடமும் காவடி எடுக்கிறேன். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் சைவ விரதம், பூசத்தன்று காவடி இறங்கும்வரை ஒன்றும் சாப்பிட மாட்டேன். வாயில் அலகும் குத்துவேன். லேசர் முடிந்து ஐந்து வாரம். சர்க்கரைக்கு கிளிக்ளாசைடு மாத்திரை. இந்த வருடம் எடுக்கலாமா? — ஃபிளாக் வாசகர்

பதில்: எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை தம்பி. என் அப்பாவும் எடுத்தவர். ஆனால் இதைக் கேளுங்கள்.

முதலில், குழாய்கள் வாடிவிட்டனவா என்று பூசத்துக்கு முன் ஒரு தடவை காட்டிக் கேளுங்கள். லேசர் செய்த மறுநாளே குழாய் மறைவதில்லை, வாரக்கணக்கில் ஆகும். வாடாமல் இருக்கிற குழாயோடு மூச்சைப் பிடித்துக் கனத்தைத் தூக்கினால் கண்ணுக்குள் கசிய வாய்ப்பு இருக்கிறது. “இன்னும் இருக்கிறது” என்று டாக்டர் சொன்னால் இந்த வருடம் பால் செம்பு மட்டும் ஏந்துங்கள்.

இரண்டாவது, கண்ணைவிட எனக்குப் பெரிய பயம் அந்த மாத்திரை. வெறும் வயிற்றில் கிளிக்ளாசைடைப் போட்டுவிட்டு வெயிலில் நடந்தால் சர்க்கரை விழுந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். பார்க்கிறவர்கள் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துத் தேங்காய் உடைப்பார்கள். அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டிய வாயில் அலகு குத்தியிருக்கிறது. ஆகவே இந்த வருடம் வாயில் அலகு வேண்டாம். பூசத்தன்று மாத்திரையை என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பக்கத்தில் நடந்து வருகிற தம்பியின் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவியும் இருக்கட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

*

கேள்வி: பரம்பரை அர்ச்சகர். தினமும் பல தடவை கற்பூர ஆரத்தி காட்டுகிறேன். லேசர் செய்த கண் ஒளியைப் பார்க்கக் கூடாது, இன்னொரு தடவை சுட்டுவிடும் என்று பக்தர் ஒருவர் சொன்னார். தீபத்தைப் பார்க்காமல் எப்படிப் பூஜை செய்வது? — போர்ட் லூயிஸ்

பதில்: ஐயரே, தாராளமாகப் பாருங்கள். கற்பூரச் சுடர் விழித்திரையைச் சுடாது. லேசர் செய்த கண்ணையும் சுடாது.

அந்தப் பக்தர் சொன்னதற்கு வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். சூரியன் சுடும். 1945-இல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்த ஒரு மாணவரின் விழித்திரையில் தழும்பு இருந்ததை ஜெர்மனியின் கண் டாக்டர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் கவனித்தார். ஒளி இப்படித் தழும்பு உண்டாக்கும் என்றால், வேண்டிய இடத்தில் நாமே அளவாக உண்டாக்கலாமே என்று யோசித்தார். கண்ணாடிகளை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் பாய்ச்சிப் பார்த்தார். மேகம் வந்தால் வைத்தியம் நின்றுவிடும். அதன் பிறகு செயற்கை விளக்கு வந்தது, 1960-இல் முதல் லேசர் பிறந்தது, சில வருடங்களில் அது கண்ணுக்கும் வந்தது. ஆகவே கிரகணத்தன்று மட்டும் நீங்களும் பக்தர்களும் சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

லேசர் செய்த அன்றைக்கும், கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட அன்றைக்கும் சுடர் பூப்பூவாக விரிந்து தெரியும், கூசும், தூரமும் சரியாகப் பிடிபடாது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அன்று சாயரட்சைக்கு உதவி அர்ச்சகர் தட்டை எடுக்கட்டும். நீங்களே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தட்டை உடம்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், அங்கவஸ்திரத்தின் நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.